மேடத்துக்குப் பிடிக்காத நிறம்

போன மாதம் எர்ணாகுளத்தில் ஒரு ஏ.சி. ஹாலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிறப்புப் பள்ளிகளில் உதவியாளர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கான பயிற்சி முகாம் அது. மேடையில் என்னை ‘ஓய்வுபெற்ற கேர் அசோசியேட்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆயா. பிறகு ஹெல்ப்பர் ஆனேன். அதற்கப்புறம் கிளாஸ்ரூம் எய்ட். ஓய்வு பெறுகிற சமயத்தில்தான் இந்தக் கேர் அசோசியேட் வந்து சேர்ந்தது. பட்டம் ஏற ஏறச் சம்பளமும் ஏறியிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். எந்தப் பட்டத்தில் இருந்தாலும் துடைத்தது அதே மூக்கைத்தான்.

பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், “மறக்கவே முடியாத ஒரு கேஸ் சொல்லுங்க சேச்சி” என்றாள். ஆரம்பித்தேன். கதையில் ‘மாதவிலக்கு’ என்ற சொல் வந்ததுதான் தாமதம், அமைப்பாளர் ஓடிவந்து மைக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “டைம் ஆயி சேச்சி, ஊணு ரெடி” என்று சோற்றுக்கு அழைத்துவிட்டார். சாப்பாட்டு வரிசையில் அந்தப் பெண் தட்டோடு என் பின்னால் வந்து நின்றாள். “அப்புறம் என்னாச்சு சேச்சி?” மீன்கறிக்கு எதிரே நின்று சொல்லி முடிக்கிற கதையா இது? அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் இன்னொரு வசதியும் உண்டு. என் பேரப் பிள்ளைகளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். பயமில்லாமல் எழுதலாம்.

எங்கள் பள்ளி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சரக்குக் கிடங்கில் இருந்தது. சுவருக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் உள்ளிருந்து சுக்கு வாசனை வரும். எனக்குக் கொடுத்த பயிற்சி மிகச் சுருக்கமானது. முதல் நாள் காலையில் ஒரு ஏப்ரன், ஒரு துடைப்பம், ஒரு குழந்தை, மூன்றையும் கையில் கொடுத்தார்கள். குழந்தை என் முன்கையைக் கடித்தது. “உங்களை அதுக்குப் பிடிச்சுப்போச்சு” என்றார் பழைய ஆயா. பயிற்சி அத்துடன் முடிந்தது.

இங்கே எங்கள் பிரின்சிபல் சுலோசனா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷி. பள்ளி வண்டிக்காக அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. ஜரிகைக் கரை போட்ட வெள்ளைக் கசவுப் புடவை, காதருகே வந்தால்தான் கேட்கிற குரல். மேடம் பேசுவது மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன். அந்த மென்மை மட்டும் எந்தப் பாஷையிலும் எனக்கு வராது. மேடத்துக்கு ஒரே ஒரு கஷ்டம். மனிதர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எல்லாமே அவர் வாயில் ‘அந்த விஷயம்’தான். “பாக்கியம் சேச்சி, மூணாம் கிளாஸில் அந்த விஷயம்” என்பார். நான் வாளியை எடுப்பதா, துணியை எடுப்பதா, பினாயிலை எடுப்பதா என்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விருந்தாளிகள் வந்தால் எங்கள் பிள்ளைகள் தேவதைகள் ஆகிவிடுவார்கள். “எல்லாரும் ஏஞ்சல்ஸ்” என்பார் மேடம். ஒரு தடவை நன்கொடை தர வந்த வியாபாரி ஒருவர் ஒரு தேவதையின் கன்னத்தைக் கிள்ளினார். தேவதை அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. ரத்தத்தைப் பார்த்த மேடம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒரு பக்கம் வியாபாரிக்குக் கட்டு, இன்னொரு பக்கம் மேடத்துக்கு எலுமிச்சைத் தண்ணீர். அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, மேடத்துக்குச் சிவப்பு ஆகாது என்று.

இனி அமுதா கதைக்கு வருகிறேன்.

அமுதா எங்கள் தெருப் பிள்ளை, தமிழ் வீடு. அப்பா பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா லதா கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிற வேலை. அமுதாவுக்கு ஆட்டிசம். பேச்சு கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். ஆனால் ஒரு காரியத்தை ஒரு விதமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், கடைசிவரை அந்த விதம்தான். செருப்பில் வலது காலை முதலில் போடக் கற்றுக்கொண்டவள், இடது செருப்பை முதலில் எடுத்துவைத்தால் அன்றைக்கு வெளியே கிளம்பமாட்டாள். அவளோடு பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

பதிமூன்று வயதில் அவள் வயசுக்கு வந்தாள். லதா அதை வெளியே சொல்லவில்லை. எங்கள் ஜனங்களில் இது சின்ன விஷயமா? லதாவின் நாத்தனார் ராணி தன் மகளுக்கு மைக் செட் வைத்து, தாய்மாமன் சீர் வாங்கி, தெருவையே அடைத்துச் சடங்கு நடத்தியவள். அமுதாவுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டார்கள். “இவளுக்கு எதுக்குச் சடங்கு? கல்யாணமா பண்ணப்போறோம்?” என்றாள் ராணி. அதோடு நிற்கவில்லை. எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாசாமாசம் தொல்லை விட்டது என்று யோசனையும் சொன்னாள். ஊருக்கு யோசனை சொல்ல ராணிக்குச் சம்பளம் கொடுத்தால் அவள் குடும்பம் இன்றைக்கு மெட்ரோ வாங்கியிருக்கும்.

இரண்டாவது மாதம் பள்ளியிலேயே வந்தது. பிரார்த்தனை நேரத்தில் அமுதாவின் வெள்ளைப் பாவாடையில் கறை. மேடம் தூணைப் பிடித்துக்கொண்டார். மதியம் லதாவை வரவழைத்தார். நானும் அமுதாவின் டீச்சர் ரேஷ்மாவும் ஓரமாக நின்றோம்.

“லதா, இது ஒரு டிக்னிட்டி விஷயம்” என்றார் மேடம். “மத்தப் பிள்ளைங்க இருக்காங்க. விசிட்டர்ஸ் வராங்க. அந்த நாட்கள்ல வீட்ல வெச்சுக்கோங்க. சொல்லப்போனா, இனிமே வீட்லயே இருக்கிறதுதான் அவளுக்கும் மரியாதை.”

“வீட்ல வெச்சா நான் வேலைக்கு எப்பிடி மேடம் போறது?” என்றாள் லதா. மேடம் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் லதா வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, ராணி சொல்றதுதான் சரியோ என்னமோ. நான் இருக்கிறவரை நான் மாத்தி விடுவேன். நான் போனப்புறம் இவளுக்கு யாரு மாத்தி விடுவா? எந்த ஆம்பள கையில போய் நிப்பா இவ?” என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையின் வயிற்றைக் கிழிக்கத் துணிகிறாளே என்ற கோபமும் வந்தது, அவள் சொல்வதும் நியாயம்தானே என்ற பயமும் வந்தது.

ரேஷ்மா டீச்சர் வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. படித்துவிட்டு வந்தவர், எதற்கெடுத்தாலும் படம் போட்ட அட்டை வெட்டுவார். நான் அவரை முதுகுக்குப் பின்னால் ‘அட்டை டீச்சர்’ என்றுதான் சொல்வேன். அவர் நேராக மேடத்திடம் போய், “அவளுக்கே மாத்திக்கப் படிப்பிக்கிறேன். எனக்கு அவகாசம் குடுங்க” என்று கேட்டார். அடுத்த முறை வருகிறவரைதான் அவகாசம் என்றார் மேடம். லதாவும், ராணி பேச்சைக் கேட்டு டாக்டரிடம் ஏற்கெனவே குறித்திருந்த நாளைத் தள்ளி வாங்கினாள். தள்ளித்தான் வாங்கினாள், விடவில்லை.

பாடம் தொடங்கியது. ஒரு பச்சை ஜிப் பை. அதற்குள் நாப்கின், மாற்று ஜட்டி, மடித்த பேப்பர். அமுதாவின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் அது எப்போதும் தொங்கும். டீச்சர் ஒவ்வொரு வேலையையும் தனித்தனிப் படமாகப் பிடித்து அட்டையாக்கி, கழிவறைச் சுவரில் வரிசையாக ஒட்டினார். கறையைப் பார். பையை எடு. கதவைச் சாத்து. பழையதை உரி. சுருட்டு. பேப்பரில் பொதி. கூடையில் போடு. புதியதை ஒட்டு. உடுத்திக்கொள். கை கழுவு. கை கழுவி முடித்ததும் நான் “நல்ல பிள்ளை” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அமுதாவுக்குக் காரியம் முடிந்ததாக அர்த்தமில்லை, குழாயடியிலேயே நிற்பாள்.

மேஜையில் ஒரு ஜட்டியை விரித்து, கறைபட்ட நாப்கினை ஒட்டிவைத்துப் பழக்கினோம். முதலில் என் கை அவள் கைமேல் இருக்கும். பிறகு மணிக்கட்டைத் தொட்டால் போதும் என்று ஆனது. பிறகு விரலால் காட்டினேன். அப்புறம் சும்மா நின்றேன். கடைசியில் கதவுக்கு வெளியே போய்விட்டேன். இந்த வேலையில் கையைக் கொடுப்பதைவிட எடுப்பது கஷ்டம். பிள்ளை தடுமாறும்போது நம் கை தானாகவே நீளும். நான் கையைக் கட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, கூரையைப் பார்த்தபடி நிற்பேன். யாராவது கதவைத் தட்ட வந்தால், “உள்ள ஆள் இருக்கு” என்பேன். மொத்தத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

முதல் நாள் டீச்சர் பீட்ரூட்டை அரைத்துச் சாறு கொண்டுவந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மேடம் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். மேஜையைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

“ரேஷ்மா! கொஞ்சம் டீசன்ஸி வேண்டாமா? டிவி விளம்பரத்துல பாரு, எவ்வளவு பங்கியா நீலத்துல காட்டறாங்க” என்றார்.

டிவியிலேயே அழகாக நீலத்தில் காட்டும்போது எங்களுக்கு என்ன கேடு? நீல மை வாங்கினோம். சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. படித்துவிட்டு வந்த டீச்சருக்கும் உறைக்கவில்லை, பிள்ளைகளோடு கிடந்து கிழவியான எனக்கும் உறைக்கவில்லை. அமுதா மட்டும் பிரமாதமாகப் படித்தாள். நீலத்தைக் கண்டால் பை, கதவு, பேப்பர், கூடை, சோப்பு என்று மளமளவென்று முடித்துவிடுவாள். கடைசியில் என் வாயிலிருந்து “நல்ல பிள்ளை”யைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போவாள். நானும் டீச்சரும் சாயாக் கடையில் பழம்பொரி தின்று கொண்டாடினோம். அட்டை டீச்சர் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த முறை வந்தது. வகுப்பில் அமுதா தன் பாவாடையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மணி கோக்க ஆரம்பித்தாள். டீச்சர் பையைச் சுட்டிக் காட்டினார். ஊஹூம். நான் மணிக்கட்டைத் தொட்டேன். தட்டிவிட்டாள். நாற்காலியெல்லாம் கறை ஆனது, அவள் பாட்டுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். மேடம் வாசல்வரை வந்து திரும்பிப் போனார். “நம்மால முடிஞ்சதைச் செஞ்சோம். லதாவுக்கு போன் பண்ணுங்க” என்றார். செய்தது நாங்கள், முடிஞ்சது யாருக்கு என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

அமுதாவைக் கழுவி உடுப்பு மாற்றி, ஆபீஸ் வாசலில் பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டோம். உள்ளே லதா மேடத்தின் முன்னால் நின்றிருந்தாள். டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து அறையில் டிராயிங் வகுப்பு முடிந்து ஒரு சிறுமி தூரிகை கழுவிய டம்ளரோடு எங்களைத் தாண்டிப் போனாள். கால் இடறி டம்ளர் கவிழ்ந்தது. நீலத் தண்ணீர் அமுதாவின் மடியில்.

அமுதா குனிந்து பார்த்தாள். எழுந்தாள். வகுப்புக்குப் போய் ஆணியிலிருந்து பச்சைப் பையை எடுத்தாள். கழிவறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

நானும் டீச்சரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உள்ளே பேப்பர் மடிகிற சத்தம், கூடை மூடுகிற சத்தம், குழாய்ச் சத்தம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டீச்சர் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். பிள்ளையிடம் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அவள் அட்சரம் பிசகாமல் படித்திருந்தாள். இந்த உலகத்தில் டிவி விளம்பரத்தை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். அவள் கை கழுவிவிட்டு வந்து என் எதிரே நின்றாள். “நல்ல பிள்ளை, என் கண்ணு” என்றேன். “என் கண்ணு” பாடத்தில் இல்லாததால் முகத்தைச் சுளித்தாள்.

டீச்சர் அனுமதி கேட்காமல் ஆபீஸுக்குள் நுழைந்தார். “மேடம், அவளுக்குத் தெரியும். நாமதான் நிறத்தை மாத்திப் படிப்பிச்சோம். இன்னும் ஒரு மாசம் வேணும். ரத்தம் சிவப்பு மேடம்” என்றார். அந்த ஆபீஸில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. மேடம் சுவரிலிருந்த காலண்டரில் அடுத்த மாதத்தைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில், “சரி. ஆனா கதவை அடைச்சிட்டுச் செய்யணும்” என்றார். லதா டாக்டரிடம் மறுபடியும் நாளைத் தள்ளினாள். “இதுதான் கடைசி அக்கா. இனிமே தள்ள மாட்டேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மாதம் முழுக்க எங்கள் வகுப்பில் பீட்ரூட் நாறியது. கற்றதை மாற்றுவது அமுதாவுக்குப் பெரிய அநியாயம். முதல் வாரம் என்னைப் பிறாண்டினாள். சிவப்பு நாப்கினைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். அது ஒரு ஆட்டோக்காரரின் கண்ணாடியில் விழ, அவர் சண்டைக்கு வந்தார். “பீட்ரூட்டு சேட்டா” என்றேன். மோந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்கு மட்டும் ராத்தூக்கம் போனது. பீட்ரூட்டையும் நம்பிக் கெடுத்துவிட்டோம் என்றால் அந்தப் பிள்ளையை ஆபரேஷன் மேஜையில் அல்லவா கிடத்துவார்கள்?

ஒரு மதியம் சாப்பாட்டு வேளை. அமுதா சோற்றில் மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். மடியைப் பார்த்தாள். டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார், நகம் பதிந்தது. அமுதா எழுந்து, எச்சில் கையோடு பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். கூரையைப் பார்த்தேன். உள்ளே வரிசை பிசகாமல் எல்லாச் சத்தமும் கேட்டது. ஈரக்கையோடு வெளியே வந்தாள். “நல்ல பிள்ளை” என்றேன். அவள் போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள்.

போனில் சொன்னதும் லதா துடைப்பத்தைப் போட்டது போட்டபடி, கார்ப்பரேஷன் கோட்டோடு ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். மகள் பிடிகொடுக்காததால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்டரிடம் போவது அன்றோடு நின்றது. மேடம் அடுத்த கூட்டத்தில், “அமுதாவின் திறமையில் நமக்கு ஆரம்பம் முதலே நம்பிக்கை இருந்தது” என்று பேசினார். நாங்களும் கைதட்டினோம். பிள்ளை பள்ளியில் இருக்கிறாளே, அது போதும்.

அதற்கப்புறம்தான் லதா அந்த முடிவுக்கு வந்தாள். “ராணி மகளுக்கு ஊரைக் கூட்டிப் பண்ணாங்க. எம் பொண்ணுக்கு நான் பண்ணுவேன் அக்கா. மைக் செட்டு மட்டும் வேண்டாம், அவ காதைப் பொத்திக்குவா” என்றாள். “காலம் கடந்து என்ன சடங்கு?” என்று முணுமுணுத்த ராணிதான் அத்தை முறையில் ஆரத்தி எடுக்க முதலில் வந்து நின்றாள், புதுப் பட்டுப்புடவையில்.

லதா வீட்டில்தான் சடங்கு. மேடத்தையும் அழைத்திருந்தோம். வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தார். சாக்கடை தாண்டி, சந்து தாண்டி, கசவுப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்து, முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அமுதா மாலையும் பட்டுப்பாவாடையுமாக மணையில் இருந்தாள். பச்சைப் பை அங்கேயும் கதவோரம் ஆணியில் தொங்கியது. ராணி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவக்கச் சிவக்க ஆரத்தி கரைத்துச் சுற்றினாள். சுற்றிவிட்டு, எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே திரும்பினாள். நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டாள். தட்டு சாய்ந்தது. அத்தனை சிவப்பும் மேடத்தின் வெள்ளை மடியில்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

அமுதா மணையிலிருந்து எழுந்தாள். “உக்காரு, உக்காரு” என்று நாலைந்து குரல் கேட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. பையை எடுத்தாள். மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மோளே, ஒண்ணுமில்ல, இது வெறும் வெள்ளம், தண்ணி” என்றார் மேடம்.

அமுதாவோடு பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்று முன்பே சொன்னேன். மேடத்தைப் பின்கட்டுக் கழிவறைக்கு நடத்திக்கொண்டு போனாள். கையில் பையைக் கொடுத்தாள். உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு கதவுக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றாள். கழுத்தில் மாலையோடு அப்படியே நான். ராணி பதறிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

“உள்ள ஆள் இருக்கு” என்றாள் அமுதா.

ரொம்ப நேரம் ஆனது. சாம்பார் ஆறியது. ஒரு வழியாகக் கதவு திறந்து மேடம் வெளியே வந்தார். அமுதா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தன.

“கை கழுவு.”

மேடம் திரும்பப் போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கை கழுவிவிட்டு வந்து ஈரக்கையை நீட்டிக் காட்டினார்.

“நல்ல பிள்ளை” என்றாள் அமுதா. போய் மணையில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடத்தின் கண் கலங்கியிருந்தது. தானும் நாற்காலியில் போய் உட்கார்ந்து, சிவந்த மடியோடு பாயசம்வரை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். ரேஷ்மா டீச்சர் மட்டும் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சந்துமுனைக்கு ஓடிவிட்டார்.

எல்லாரும் போனபிறகு, லதா பையை எடுத்து மறுநாள் பள்ளிக்குச் சரிசெய்தாள். உள்ளே துழாவியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அக்கா, ஒரு நாப்கின் குறையுது.”

“குறையாம?” என்றேன். “வெளிய நின்னது யாரு!”